நீல ஃபியூஸ்

பதினைந்து ஆம்பியர். விரல் நகத்தளவு.
சில நாள் அதன் பெட்டியில் இருக்கும்,
பல நாள் என் பர்ஸில்
சில்லறையோடு சில்லறையாக.
வெருலம் மார்க்கெட்டில் ஒருமுறை
ஐந்து ராண்டுக்குப் பதில் நீட்டிவிட்டேன்.
வெண்டைக்காய்க்காரர் புரட்டிப் பார்த்து
"இது எந்த நாட்டுக் காசு?" என்றார்.

ந்த்வெத்வே மேட்டிலிருந்து இறங்கும் சரளைச் சாலை.
கரும்பு லாரிகள் ஓடி ஓடிச்
சீப்பால் வாரியதுபோல் வரிவரியாக.
பக்கியின் முதுகில் பதினோரு சாக்கு மடும்பிக் கிழங்கு.
வளைவுக்கு அப்பால் ஓர் ஆடு.
மிதித்தேன்.
பெடல் என் பாதத்தைத் திருப்பி மிதித்தது.
பிடி விடு பிடி விடு பிடி விடு
கண் சிமிட்டுவதற்குள் நாலு தடவை மனம் மாறுகிறவனோடு
குடித்தனம் நடத்துவது போல.
அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகருமாம்.
நகர்ந்தது.
ஆடுதான் நகரவில்லை.

வேலியோரம் நின்றிருந்தாள் மாகுமேடே.
அழவில்லை, திட்டவில்லை.
எனக்குப் புரியட்டுமென்று ஜூலுவில் மெதுவாகக் கேட்டாள்:
"பிரேக் போட்டது நீயா, வண்டியா?"
நான்.
"பிறகு விட்டது?"
வண்டி.
"அப்படியானால் ஆட்டுக்குக் காசு?"
ஆயிரத்து எண்ணூறு.
வண்டியிடம் பர்ஸ் இல்லை.

"சரளையில சக்கரம் பூட்டிக்கணும் அக்கா" என்றான் கராஜ் பூபாலன்.
"உழுதுக்கிட்டே போகணும். முன்னால கல் குவியும்.
அந்தக் குவியல்தான் ஆப்பு.
இந்தக் கம்ப்யூட்டர் குவியவே விடாது."
மூடியைக் கழற்றினான், இடுக்கியால் பிடுங்கினான்.
முகப்பில் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது,
அன்றிலிருந்து.
இன்ஷூரன்ஸ்காரன் கேட்டால்? என்றேன்.
ரேடியோவைக் கொஞ்சம் கூட்டி வைத்தான்.

பொய் சொல்லக்கூடாது. நின்றது.
அதே இறக்கம், அதே பதினோரு சாக்கு,
சரளையில் இரண்டு சால் கிழித்து
புழுதி என்னை முந்திக்கொண்டு போக
வண்டி நின்றது.
மாகுமேடேயின் மிச்ச ஆடுகள்
என்னை ஏறிட்டும் பார்க்காமல் கடந்து போயின.
அவள் மட்டும் ஒரு கை தூக்கினாள்.
நன்றியா, எச்சரிக்கையா,
இன்றுவரை கேட்கவில்லை.

வியாழக்கிழமை இரவு டர்பனிலிருந்து திரும்புகையில்
என்-டூ நெடுஞ்சாலையில் மழை. பின்புறம் வெறும் காலி.
முன்னால் போன லாரியின் சிவப்பு விளக்கு
திடீரென்று பெரிதானது.
மிதித்தேன்.
இந்தமுறை பெடல் ஒன்றும் சொல்லவில்லை. கல்.
ஸ்டியரிங் சாப்பாட்டுத் தட்டு மாதிரி சும்மா சுற்றியது,
வண்டியின் பின்பக்கம் முன்னால் வந்து
என்னை விசாரித்தது.
நின்றபோது
வந்த திசையைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன்.
வைப்பர் அதன் வேலையைச் செய்தபடி இருந்தது.
எதிரே வந்த விளக்குகள் இரண்டாகப் பிரிந்து
என் இரு பக்கமும் போயின.
யாரோ ஒருவன் மட்டும்
டொங்காட் வரை ஹாரனை எடுக்கவே இல்லை.

அதன்பின் தார் முடிகிற இடத்தில்,
சோப்பு விளம்பரம் தீட்டிய கடைக்கு எதிரே,
இறங்குவேன், மூடி திறப்பேன்.
போகும்போது பிடுங்கல், வரும்போது சொருகல்.
கடைப் பையன் நான் ஏதோ
நேர்த்திக்கடன் செலுத்துவதாக நினைக்கிறான்.
மூன்று தடவை மறந்தேன்.
எந்த மூன்று என்பதும் மறந்துவிட்டது.

இன்று விடியுமுன் அதே இடம்.
இரவெல்லாம் பெய்து, மேட்டுச் செம்மண்
தார் மேலே வழிந்து கிடக்கிறது.
இது எந்தச் சாலை?
பக்கத்து இருக்கையில் மாகுமேடே,
பின்னால் சாக்குகளுக்கு நடுவே விற்பனைக்கு அவளுடைய இரண்டு குட்டிகள்.
டார்ச்சைப் பிடித்துக்கொண்டு
நான் சொன்னதை எல்லாம் கேட்டாள்,
சரளை, குவியல், ஆப்பு, லாரி.
பிறகு கேட்டாள்:
"மெதுவாகப் போனால் என்ன?"

மணி நாலு பத்து.
மார்க்கெட் ஐந்துக்குத் திறக்கும்,
ஐந்தரைக்கு மடும்பி விலை பாதி.
குட்டிகளில் ஒன்று கத்தியது.
உள்ளங்கையில் நீலம்,
டார்ச் வெளிச்சத்தில் ஏறக்குறைய
காசு மாதிரியே.